மல்லிகைக்கு வராது, மயில்மாணிக்கத்துக்கு வரும்

தோட்டம்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் சிவப்பு சால்வியாவைப் பற்றி எழுதும்போது, போகிற போக்கில் "இதை நட்டால் ஹம்மிங்பேர்ட் தேடி வரும்" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான், இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்தக் குருவியைப் பற்றித்தான். பெரும்பாலும் அமெரிக்காவில் இருக்கும் வாசகர்கள், கோவையிலிருந்தும் ஒன்று. ஓசனிச்சிட்டு, ரீங்காரச்சிட்டு என்று தமிழில் நல்ல பெயர்கள் இருக்கின்றன. ஆனால் எழுதிய அத்தனை பேரும் ஹம்மிங்பேர்ட் என்றே எழுதியிருப்பதால் நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வீட்டின் பின்புறம் சிவப்பு ரோஜா, அடுக்குச் செம்பருத்தி, மல்லிகை, அடுக்கு பிட்டூனியா எல்லாம் வைத்திருக்கிறேன். சிவப்பு என்றால் பிடிக்கும் என்று படித்துவிட்டு, மல்லிகை தவிர மற்றதெல்லாம் சிவப்பாகவே பார்த்து வாங்கினேன். பக்கத்து வீட்டுக்கு வருகிற ஹம்மிங்பேர்ட் எங்கள் வேலியைத் தாண்டி வர மாட்டேன் என்கிறது. எங்கே தப்பு? (வாசகி, நியூஜெர்சி)

தப்பு உங்கள் மேல் இல்லை, "சிவப்பாக இருந்தால் போதும்" என்று எழுதி வைத்தவர்கள் மேல்.

உங்கள் பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். மல்லிகை வெள்ளை, மாலையில் மலர்வது, மணத்தால் கூப்பிடுவது. அது கூப்பிடுவது இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளை. அந்த நேரத்தில் ஹம்மிங்பேர்ட் கிளையில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருக்கும். ரோஜாவில் இதழ் இருக்கிறது, மணம் இருக்கிறது, முள்ளும் இருக்கிறது, தேன் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. அடுக்குச் செம்பருத்தி, அடுக்கு பிட்டூனியா இரண்டும் மனிதர்கள் கண்ணுக்காக வளர்த்தெடுத்தவை. பூவுக்குள் இருக்க வேண்டியதெல்லாம் கூடுதல் இதழாக மாறிப்போய், அலகை நுழைக்க வழியே இருக்காது. ஒற்றைச் செம்பருத்தி வைத்திருந்தால்கூட அவ்வப்போது எட்டிப் பார்த்திருக்கும்.

சிவப்பு விஷயத்தில் பாதி உண்மைதான். தேனீக்களுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. அதனால் சிவப்பாக, நீளக் குழலாக இருக்கும் பூவில் தேனீக்கள் குடித்தது போக மிச்சம் நிறைய இருக்கும், குருவி அதை அனுபவத்தில் கற்றுக்கொள்கிறது. நிறத்தின் மேல் அதற்குத் தனி மோகம் எதுவும் கிடையாது. கடையில் 'பிளாக் அண்ட் ப்ளூ' என்று ஒரு சால்வியா விற்பார்கள், கருநீலப் பூ, சிவப்பு மருந்துக்குக்கூட இல்லை. என் தோட்டத்தில் குருவி முதலில் போவது அதற்குத்தான். ஆகவே அடுத்தமுறை நர்சரிக்குப் போனால் நிறத்தை விட்டுவிட்டு வடிவத்தைப் பாருங்கள். பூ குழல் மாதிரி நீண்டிருக்க வேண்டும், பக்கவாட்டிலோ தலைகீழாகவோ நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். வண்டு வந்து உட்கார மேடை மாதிரி அகலமான இதழ் இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது, அந்தரத்தில் நின்றுகொண்டே குடிக்கிற பறவைக்கு உட்கார இடம் எதற்கு? முகர்ந்தும் பாருங்கள். மூக்கைத் துளைக்கிற மணம் இருந்தால் அது அநேகமாக வேறு யாருக்கோ வைத்த விருந்து.

சரி, நியூஜெர்சியில் எதை நடுவது? அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் கூடு கட்டி வாழ்வது ஒரே ஒரு இனம்தான், ரூபி-த்ரோட்டட். ஆண் குருவியின் தொண்டை வெயில் படும்போது மாணிக்கம்போல் மின்னும். எடை சுமார் 3 கிராம், ஒரு சென்ட் நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் கனம். உங்கள் ஊருக்கு ஏப்ரல் கடைசியில் வந்து சேரும். அப்போது உங்கள் தோட்டத்தில் ஏதாவது பூத்திருக்க வேண்டும், அதுதான் பலர் கோட்டைவிடும் இடம்; மே மாதம் கடைக்குப் போய்ச் செடி வாங்கி, அது பூக்க ஜூன் ஆகி, அதற்குள் குருவி பக்கத்து வீட்டைத் தன் வீடாக முடிவு செய்துவிடும்.

அதனால் முதலில் கொலம்பைன். இந்த மண்ணுக்கே உரிய சிவப்பு-மஞ்சள் வகையாகக் கேளுங்கள், அக்விலீஜியா கனடென்ஸிஸ் என்பது அதன் தாவரவியல் பெயர். குனிந்து தொங்கும் பூ, மேல்பக்கம் ஐந்து வால்கள், ஒவ்வொரு வாலின் நுனியிலும் தேன். குருவி வந்து இறங்கும் நேரமும் அது பூக்கும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்று. அரை நிழலிலும் வரும். கூடவே வேலியில் கோரல் ஹனிசக்கிள் கொடியை ஏற்றிவிடுங்கள். ஜூன், ஜூலைக்கு சிவப்பு பீ பாம். இலையில் மாவு கொட்டினாற்போல் சாம்பல் நோய் வரும், காற்றோட்டமான இடத்தில் வைத்தாலே பாதி குறையும், 'ஜேக்கப் க்ளைன்' என்ற ரகம் அந்த நோயை நன்றாகத் தாங்குகிறது. ஆகஸ்ட், செப்டம்பருக்கு கார்டினல் ஃப்ளவர். அந்தச் சிவப்பைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் காலடி எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், மழைநீர்க் குழாய் வந்து விழும் இடம் இருக்கிறதே, அங்கே நடுங்கள். குளிர்காலத்தில் தரையோடு ஒட்டிய இலைக்கொத்தாக உயிரோடு இருக்கும், அதன்மேல் மரத்தூளையும் சருகையும் கொட்டி மூடினால் அழுகிவிடும். நான் இரண்டு வருஷம் அப்படித்தான் கொன்றேன்.

இன்னொன்று, வகைக்கு ஒன்று என்று வாங்காதீர்கள். ஒரு செடியில் நாலு பூ இருந்தால் குருவிக்கு வந்துபோகும் செலவுக்குக்கூடக் கட்டாது. ஒரே வகையில் மூன்று நான்கு செடிகளை அருகருகே நடுங்கள்.

ரோஜாவையும் மல்லிகையையும் எடுக்கச் சொல்லவில்லை. அது சாமிக்கும் தலைக்கும்.

கேள்வி: இங்கே வெயிலில் எல்லாம் கருகிவிடுகிறது, மண் வேறு களிமண். ஹூஸ்டனில் தாக்குப்பிடிக்கிற பூ எது? (வாசகர், டெக்சாஸ்)

உங்களுக்குத்தான் உண்மையில் அதிர்ஷ்டம். மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய ஊர் என்பதால் வசந்தத்தில் வருகிற கூட்டமும் உங்கள் பக்கம் இறங்கும், இலையுதிர் காலத்தில் தெற்கே போகிற கூட்டமும் உங்கள் பக்கம் தங்கும். அந்த இரண்டாவது கூட்டம்தான் முக்கியம். வளைகுடாவை ஒரே மூச்சில், சுமார் 800 கிலோமீட்டர், நடுவில் உட்கார இடமில்லாமல் பறந்து கடக்கும் குருவிகள் அதில் உண்டு. அதற்காகப் புறப்படும் முன் தின்று தின்று உடல் எடையை ஏறக்குறைய இரு மடங்காக்கிக்கொள்ளும். ஆகவே வசந்தத்தில் பூத்து ஓய்கிற செடியைவிட, செப்டம்பரில் பூத்துக் குலுங்கும் செடிதான் உங்களுக்கு வேண்டும்.

முதல் செடி டர்க்ஸ் கேப். ஊரில் மலரவே மலராமல் சுருட்டிய மொட்டாகவே நிற்கும் ஒரு செம்பருத்தி பார்த்திருப்பீர்களே, அதன் நெருங்கிய சொந்தம். நிழல், வெயில், களிமண், தண்ணீர் விட மறந்த வாரம், எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும். கோடையில் பூக்க ஆரம்பித்து இலையுதிர் காலம் வரை நிற்காது. நல்ல வெயில் இடத்துக்கு ஆட்டம் சேஜ், ஃபயர்புஷ், ரெட் யக்கா. களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் ஆட்டம் சேஜின் வேர் அழுகும், மண்ணை மேடாகக் கூட்டி நடுங்கள். விதை தூவினால் போதும் என்பவர்களுக்கு சால்வியா காக்சினியா, ஒருமுறை வந்தால் தானே விதை சிந்தி அடுத்த வருஷமும் வரும்.

டிசம்பரில் ஒரு குருவி தனியாகத் திரிந்தால் பதற வேண்டாம். மேற்கே கூடு கட்டும் ரூஃபஸ் இனத்தில் சில வளைகுடாக் கரையில்தான் குளிர்காலத்தைக் கழிக்கின்றன.

கேள்வி: வேகமாக வளரும் என்று ட்ரம்பெட் க்ரீப்பர் கொடி வைக்கச் சொல்கிறார்கள். வைக்கலாமா? (வாசகி, ஜார்ஜியா)

வேண்டாம். குருவிக்கு அது மிகவும் பிடிக்கும் என்பதில் சந்தேகமே இல்லை, ஆரஞ்சுச் சிவப்பில் விரல் நீளக் குழல், உள்ளே தேனும் நிறைய. ஆனால் வட கரோலினாவில் எங்கள் முதல் வீட்டில் ஆசை ஆசையாக ஒன்றை நட்டேன். மூன்று வருஷம் பூக்கவே இல்லை. அந்த மூன்று வருஷமும் அது மண்ணுக்கடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது, கார் நிறுத்தும் இடத்தின் கான்கிரீட்டுக்கு அந்தப்புறமும் பக்கத்து வீட்டுப் புல்வெளியிலும் கன்று கன்றாக முளைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர், புல் வெட்டும்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிப்பார், அந்தச் சிரிப்பு இருக்கிறதே... வெட்ட வெட்ட வேரிலிருந்து மறுபடி வந்தது. வீடு மாறிய பிறகுதான் எனக்கு விடுதலை. ஏக்கர் கணக்கில் நிலமும் ஓரத்தில் ஒரு காய்ந்த மரமும் இருந்தால் வையுங்கள், இல்லையென்றால் கோரல் ஹனிசக்கிள்.

அதை வாங்கும்போது ஏமாறாதீர்கள். ஹனிசக்கிள் என்ற பெயரில் ஜப்பானிய வகை ஒன்று இருக்கிறது, வெள்ளையாகப் பூத்து மஞ்சளாக மாறும், மணம் தூக்கும், கறுப்புப் பழம் வைக்கும். தென் மாநிலங்களில் காட்டையே மூடிக்கொண்டிருக்கும் களை அது. நமக்கு வேண்டியது மணமில்லாத சிவப்புக் குழல் பூ, சிவப்புப் பழம். பூங்கொத்துக்குக் கீழே இருக்கும் இலை ஜோடி ஒன்றோடொன்று ஒட்டி, தண்டு அதன் நடுவே துளைத்துக்கொண்டு போவதுபோல இருக்கும், அதுதான் அடையாளம். சீட்டில் லோனிசெரா செம்பர்வைரன்ஸ் என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: எங்களுக்குத் தோட்டம் கிடையாது, மூன்றாவது மாடி பால்கனிதான். கிழக்கு பார்த்தது, மதியம் வரை வெயில் வரும். ஏதாவது வழி உண்டா? (வாசகி, சிகாகோ)

மூன்றாவது மாடிக்கும் வரும், பூ கண்ணில் பட்டால் போதும்.

மயில்மாணிக்கம் போடுங்கள். ஆமாம், ஊரில் வேலியில் படருமே, இலை சீப்புப் பல் மாதிரி, பூ குட்டி நட்சத்திரம் மாதிரி, அதே கொடிதான். நாம் அதை நம் ஊர்க்கொடி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், அதன் பூர்வீகம் வெப்பமண்டல அமெரிக்கா. அந்த மெல்லிய சிவப்புக் குழலே ஹம்மிங்பேர்டின் அலகுக்கு அளவெடுத்ததுதான். இங்கே 'சைப்ரஸ் வைன்' என்ற பெயரில் விதை கிடைக்கும். விதையின் தோல் கெட்டி, ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, பனி விழுவது நின்ற பிறகு தொட்டியில் ஊன்றுங்கள். பால்கனிக் கம்பியில் ஒரு நூலைக் கட்டிவிட்டால் அதுவே ஏறிக்கொள்ளும். கோடை நடுவில் பூக்க ஆரம்பித்து முதல் உறைபனி வரை நாள்தோறும் காலையில் புதுப் பூ. உறைபனி வந்தால் செத்துவிடும், சிகாகோவில் அது நல்லதுதான். தென் மாநிலங்களில் விதை சிந்திக் களையாகிவிடுகிறது, அங்கே இருப்பவர்கள் தரையில் போட வேண்டாம். அப்புறம், அம்மா வரும்போது ஊர் விதையை முடிச்சில் கட்டிக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். விதையை விமான நிலையத்தில் அறிவித்தாக வேண்டும், உரிய சான்றிதழ் இல்லாவிட்டால் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

கூட ஒரு தொட்டியில் ஏதாவது சால்வியா. நிழல் மூலை இருந்தால் தொங்கும் கூடையில் ஃபுஷியா, அதிலும் அடுக்கு இல்லாத ஒற்றைப் பூவாக.

கேள்வி: பூ வைப்பதோடு சர்க்கரைத் தண்ணீர்ப் புட்டியும் தொங்கவிட்டிருக்கிறோம். வெள்ளைச் சர்க்கரை உடம்புக்குக் கெடுதல் என்று மாமியார் நாட்டுச் சர்க்கரையும் தேனும் கலக்கச் சொல்கிறார். கலக்கலாமா? (வாசகி, வர்ஜீனியா)

மாமியாரின் கரிசனத்துக்கு என் வணக்கம், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் வெள்ளைச் சர்க்கரைதான். ஒரு பங்கு சர்க்கரைக்கு நாலு பங்கு தண்ணீர், வேறு ஒன்றும் வேண்டாம். பூத்தேனில் பெரும்பாலும் இருப்பது இதே சர்க்கரைதான். நாட்டுச் சர்க்கரையிலும் வெல்லத்திலும் இரும்புச் சத்து இருக்கிறது, நமக்கு அது நல்லது, அந்தக் குருவியின் உடம்பில் அது சேர்ந்து நஞ்சாகிவிடும். தேனைத் தண்ணீரில் கலந்தால் சீக்கிரம் புளித்துப் பூஞ்சை வரும். சிவப்புச் சாயமும் வேண்டாம், புட்டியில் சிவப்பு மூடி இருந்தாலே போதும். கோடையில் இரண்டு நாளுக்கு ஒருமுறை கழுவி மாற்றுங்கள். அதைச் செய்ய நேரமில்லை என்றால் புட்டியைக் கழற்றிவிட்டு இன்னும் இரண்டு செடி நடுங்கள், பூவை யாரும் கழுவ வேண்டியதில்லை.

புட்டி தொங்கினால் இலையுதிர் காலத்தில் குருவி வலசை போகாமல் தங்கிவிடும் என்று ஒரு பயம் பல கடிதங்களில் இருக்கிறது. தங்காது. பகல் சுருங்குவதைப் பார்த்துத்தான் அது கிளம்புகிறது.

கேள்வி: பீ பாமில் அசுவினி ஏறிவிட்டது. கணவர் மருந்து அடிக்கலாம் என்கிறார். குருவிக்கு ஆகுமா? (வாசகி, ஒஹாயோ)

ஆகாது. தேன் மட்டும் குடித்து உயிர்வாழும் பறவை என்று நாம் நினைக்கிறோம், அது பாதிக் கதைதான். கொசு மாதிரிச் சின்னப் பூச்சிகள், குட்டிச் சிலந்திகள், நீங்கள் கொல்லப் பார்க்கிற அதே அசுவினி, எல்லாம் அதற்குச் சாப்பாடு. குஞ்சுகளுக்குப் புரதம் வேண்டுமே, பூச்சி இல்லாமல் அவற்றை வளர்க்க முடியாது. கூட்டைக்கூடச் சிலந்தி நூலால்தான் கட்டும். அதனால்தான் குஞ்சுகள் வளர வளரக் கூடு இழுபட்டு இடம் கொடுக்கிறது. மருந்து அடித்த தோட்டத்தில் பூ இருக்கும், பிள்ளை வளர்க்க வழி இருக்காது.

குழாயைத் திருப்பி வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள், அசுவினி உதிர்ந்துவிடும். கணவரை அந்த வேலையில் விடுங்கள். இன்னும் ஒன்று, செடி வாங்கும்போதே நியோனிகோட்டினாய்ட் வகை மருந்து போட்டு வளர்த்ததா என்று கேட்டுவிடுங்கள். அது இலைமேல் நிற்காது, வேர் வழியாகச் செடி முழுக்கப் பரவி பூந்தேனுக்கும் வந்துவிடும், கழுவினாலும் போகாது.

கேள்வி: கலிஃபோர்னியாவில் இருக்கிறோம். ஜனவரியிலும் வருகிறது. வழிதவறி வந்ததா? (வாசகர், சான் ஹோசே)

இல்லை, உங்கள் ஊர்க்காரர்தான். அன்னாஸ் என்ற இனம், மேற்குக் கரையில் வருஷம் முழுக்கத் தங்கும். உங்களுக்கு வேண்டியது குளிர்காலப் பூ: மன்சனீட்டா புதரும், சிவப்பாகத் தொங்கும் பூ வைக்கிற ஃபுஷியா-ஃப்ளவர்டு கூஸ்பெரியும். வசந்தத்துக்கு ஹம்மிங்பேர்ட் சேஜ், மர நிழலில் தானாகப் பரவும். மழையே இல்லாத ஆகஸ்ட், செப்டம்பரில் கலிஃபோர்னியா ஃபுஷியா. கிழக்கே இருப்பவர்களுக்கு மேலே சொன்ன கார்டினல் ஃப்ளவரை வாங்கி உங்கள் வறண்ட மண்ணில் நட்டுத் தண்ணீர்க் கட்டணத்தை ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ஒரே ஒரு ஆண் குருவி மொத்தத் தோட்டத்தையும் பிடித்துக்கொண்டு மற்றதை விரட்டுகிறது. என்ன செய்வது? (வாசகர், டென்னஸி)

ஒன்றும் செய்ய முடியாது, சுபாவம் அப்படி. எல்லாச் செடியையும் ஒரே பாத்தியில் வைத்தால் ஒரு கிளையில் உட்கார்ந்தபடி அத்தனைக்கும் காவல் காக்கும். வீட்டுக்கு முன்னால் ஒரு கூட்டம், பின்னால் ஒரு கூட்டம் என்று ஒன்றிலிருந்து மற்றது தெரியாதபடி நடுங்கள். இங்கே விரட்டிக்கொண்டிருக்கும்போது அங்கே மற்றவை குடித்துவிட்டுப் போகும்.

கேள்வி: போன வாரம் எங்கள் வீட்டு இட்லிப்பூச் செடியில் ஹம்மிங்பேர்ட் வந்தது. அந்தரத்தில் நின்று குடித்தது. நீங்கள் அமெரிக்காவில்தான் உண்டு என்பது போல எழுதுகிறீர்களே? (வாசகர், கோயம்புத்தூர்)

அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான் உண்டு, வட அமெரிக்காவில் அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்காவின் தென்முனை வரை, முந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள். ஒரு காலத்தில் ஐரோப்பாவிலும் இருந்திருக்கிறது, ஜெர்மனியில் சுமார் 3 கோடி ஆண்டுப் பழமையான புதைபடிவம் கிடைத்து 2004-இல் அறிவித்தார்கள். இன்று அங்கேயும் இல்லை, கோவையிலும் இல்லை.

நீங்கள் பார்த்தது இரண்டில் ஒன்று. பளபளக்கும் ஊதா நிறத்தில், வளைந்த அலகோடு இருந்தால் தேன்சிட்டு. அதுவும் ஓரிரு நொடி அந்தரத்தில் நிற்கும், ஆனால் பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்துதான் குடிக்கும். ஹம்மிங்பேர்டுக்கும் அதற்கும் சொந்தம் கிடையாது, ஒரே தொழில் செய்வதால் ஒரே மாதிரி ஆகிவிட்டன, அவ்வளவுதான். உட்காரவே இல்லை, பழுப்பு நிறம், கட்டைவிரல் அளவுகூட இல்லை, பூவுக்குப் பூ தாவிக்கொண்டே இருந்தது என்றால் அது பறவையே இல்லை, ஹாக் மாத் என்கிற அந்துப்பூச்சி; பகலில் பறக்கும் வகையும் அதில் உண்டு. அடுத்தமுறை கொஞ்சம் நெருங்கிப் போய், தலையில் இரண்டு உணர்கொம்பு நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பூச்சி. அதையும் விரட்டாதீர்கள், உங்கள் மல்லிகைக்கு ராத்திரியில் வருவது அதன் சொந்தக்காரர்கள்தான்.